இத்தாலியில் குட்டிக் குழந்தையோடு குடும்பம் நடத்துவது எப்படி? பேப்பர் வேலை முதல் பாட்டியின் 90 நாள் விசா வரை

காலை ஏழரை மணி. இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஒன்பது மணிக்கு அப்பா ஆபீஸில் இருக்க வேண்டும், அம்மாவுக்கு ஒன்பதரைக்கு மீட்டிங். குழந்தைகள் காப்பகத்திலோ ஜுரத்தோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். மதுரையிலோ கோவையிலோ இருந்தால் பாட்டிக்கு ஒரு போன் போட்டால் போதும். மிலானில் யாரைக் கூப்பிடுவது?

வேலைக்கோ, படிப்புக்கோ, ஆராய்ச்சிக்கோ இத்தாலி போகும் இளம் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே சந்திக்கும் கேள்வி இது. இத்தாலிக்காரர்களுக்குக் குழந்தை என்றால் உயிர். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள், முன்பின் தெரியாத பாட்டி வந்து கன்னத்தைக் கிள்ளுவார், ஓட்டலில் குழந்தை கத்தினால் பெரும்பாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாட்டின் அன்றாட ஏற்பாடு முழுக்க 'வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார்' என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டி வருவது, ஜுரத்தன்று பார்த்துக்கொள்வது, கோடை விடுமுறையைச் சமாளிப்பது எல்லாமே அங்கு 'நொன்னி' என்று அழைக்கப்படும் தாத்தா பாட்டியின் வேலை. அக்டோபர் 2-ஆம் தேதியைத் தாத்தா பாட்டி தினமாகச் சட்டம் போட்டே கொண்டாடும் நாடு அது.

அந்தப் பாட்டி 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது என்ன செய்வது? எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் எந்தப் பேப்பர்?

இத்தாலியில் ஒரு காகிதம் இல்லாமல் அடுத்த காகிதம் கிடைக்காது. அதனால் வரிசை ரொம்ப முக்கியம்.

குடும்ப விசாவிலோ வேலை விசாவிலோ வந்திறங்கியதிலிருந்து 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதன் பெயர் 'பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ'. பல வகை அனுமதிகளுக்கான விண்ணப்ப உறையைத் தபால் நிலையத்திலேயே வாங்கி, நிரப்பி, 16 யூரோ முத்திரைத்தாள் ஒட்டிக் கொடுக்கலாம். அங்கே தரும் ரசீதைத் தொலைத்துவிடக் கூடாது. கார்டு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தச் சின்ன ரசீதுதான் குடும்பத்தின் அடையாளம்.

ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வர நினைப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விசா காலாவதியாகி, கார்டும் வராத நிலையில் பிராங்க்பர்ட், பாரிஸ் போன்ற மற்ற ஷெங்கன் நாட்டு விமான நிலையங்கள் வழியாகப் பயணம் செய்ய முடியாது. தோஹா, துபாய் வழியாகத்தான் போக வேண்டும். விலை கம்மி என்று டிக்கெட் எடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு விமான நிலையத்தில் நிற்கும் நிலை வரக்கூடாது.

அடுத்தது 'கோதிச்சே ஃபிஸ்காலே' எனும் வரி எண். குழந்தைக்கும் இது கட்டாயம் வேண்டும். 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட இந்தக் குறியீடு நம்ம ஆதார் எண் போல ஏதோ ஒரு எண் அல்ல. குடும்பப் பெயர், பெயர், பிறந்த தேதி, பாலினம், பிறந்த ஊர் ஆகியவற்றிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பெண் குழந்தை என்றால் பிறந்த தேதியோடு 40-ஐக் கூட்டுவார்கள். 5-ஆம் தேதி பிறந்த பெண்ணுக்கு 45 என்று வரும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஊர்க் குறியீட்டின் இடத்தில் 'இசட் 222' என்றும், இலங்கையில் பிறந்தவர்களுக்கு 'இசட் 209' என்றும் வரும்.

இனிஷியல் ஏன் சிக்கலாகிறது?

பெயரிலிருந்தே எண் உருவாவதால்தான் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம் என்று இருந்தால், ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகப் பதிவு செய்யும். பிறகு வரி எண்ணில் ஒரு பெயர், காப்பக ரசீதில் ஒரு பெயர் என்றாகி, அரசு தரும் உதவித்தொகை நின்றுபோகும். கிளம்புவதற்கு முன்பே குழந்தையின் பாஸ்போர்ட்டில் இரண்டு இடங்களையும் நிரப்பி, பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அம்மாவின் குடும்பப் பெயரும் குழந்தையின் குடும்பப் பெயரும் வேறாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. இத்தாலியில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, உள்ளூர் நகராட்சியில் வசிப்பிடப் பதிவு. விண்ணப்பித்த பிறகு நகராட்சிக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உண்மையிலேயே அங்கு இருக்கிறீர்களா என்று பார்ப்பார். கீழே அழைப்பு மணிப் பலகையில் குடும்பத்தின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாததால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தபால்காரர் கதையும் இதேதான்.

ஜுரம் வந்தா யாரைக் கூப்பிடுறது?

1978-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி இத்தாலியில் அனைவருக்குமான தேசிய சுகாதாரச் சேவை இருக்கிறது. அனுமதி ரசீது, வரி எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குப் போனால் குழந்தையின் பெயரில் ஒரு குழந்தை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 6 வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி ஒரு டாக்டர் உண்டு. பார்க்கக் காசு கிடையாது. ஜுரம், சளி மட்டுமின்றி, வளர்ச்சியைப் பார்க்க குறிப்பிட்ட வயதுகளில் அவரே வரச்சொல்வார்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. ஒரு மருத்துவர் இத்தனை குழந்தைகளைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. வீடு பார்க்கும்போதே இதையும் விசாரித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த டாக்டர் திங்கள் முதல் வெள்ளி வரைதான். காலையில் சீக்கிரம், 10 மணிக்குள் போன் செய்தால் அன்றே வழி கிடைக்க வாய்ப்பு அதிகம். இரவிலும் வார இறுதியிலும் 'கார்தியா மேதிக்கா' எனும் மாற்று மருத்துவச் சேவை உண்டு. மூச்சுத் திணறல், வலிப்பு போன்ற அவசரம் என்றால் 112.

நம்ம ஊர் மருந்துக்கடை மாதிரி 'ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் குடுங்க' என்று அங்கு கேட்க முடியாது, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். பாராசிட்டமால் வேண்டுமென்றால் 'தாக்கிபிரினா' என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும்; குழந்தைகளுக்கு அதை ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையாகக் கொடுப்பதும் அங்கு சகஜம். சளி பிடித்தால் சிரிஞ்சில் உப்பு நீர் எடுத்து மூக்கைக் கழுவச் சொல்வார்கள். முதல் தடவை குழந்தையைவிட அம்மாதான் அதிகம் அழுவார்.

சரி, அந்த ஏழரை மணிக்கு யார் லீவு போடுவது? குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை, உடம்பு சரியில்லாத நாட்களில் அம்மா அல்லது அப்பா, இருவரில் ஒருவர், வேலைக்குப் போகாமல் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நாட்களுக்கு உச்சவரம்பு இல்லை. தனியார் வேலையில் அந்த நாட்களுக்குச் சம்பளம் வராது, ஆனால் வேலை போகாது. குழந்தை மருத்துவரே ஆன்லைனில் சான்றிதழ் அனுப்பிவிடுவார். 3 வயதைத் தாண்டிவிட்டால் 14 வயது வரை, அம்மாவுக்கு 10 நாள், அப்பாவுக்கு 10 நாள் என வருடக் கணக்கு வந்துவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பலர் இந்த உரிமை இருப்பது தெரியாமலேயே ஆண்டு விடுப்பை எல்லாம் ஜுரத்துக்குத் தீர்த்துவிடுகிறார்கள்.

இந்தியத் தடுப்பூசி அட்டை போதுமா?

போதாது. 2017-ஆம் ஆண்டின் 119-ஆம் எண் சட்டப்படி 10 தடுப்பூசிகள் கட்டாயம். போலியோ, தொண்டை அடைப்பான், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி, கக்குவான், ஹிப், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை. இவை இல்லாமல் 6 வயதுக்குட்பட்ட குழந்தையைக் காப்பகத்திலும் மழலையர் பள்ளியிலும் சேர்க்க முடியாது.

நம்ம அரசு ஆஸ்பத்திரியில் போடும் பென்டாவலன்ட், போலியோ, தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளில் இவற்றில் எட்டு வந்துவிடும். பொன்னுக்கு வீங்கியும் சின்னம்மையும் இந்திய அரசின் தேசியத் திட்டத்தில் இல்லை. தனியார் மருத்துவமனையில் தனியாகப் போட்டிருந்தால் சரி, இல்லையென்றால் அங்கே போய்ப் போட வேண்டும். சின்னம்மை ஏற்கெனவே வந்துபோன குழந்தைக்கு டாக்டர் சான்று கொடுத்தால் விலக்கு உண்டு. அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 'வேக்சின் போட்டாச்சு' என்று ஒரு டிக் அடித்திருந்தால் அங்கே செல்லாது.

நீதோ என்றால் என்ன? இடம் கிடைக்குமா?

3 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்கான காப்பகத்தை 'அசிலோ நீதோ' என்கிறார்கள். நீதோ என்றால் கூடு. 1971-இல் வந்த சட்டம்தான் நகராட்சிகள் நடத்தும் நீதோக்களுக்கு வழி செய்தது. 3 வயதிலிருந்து 6 வரை மழலையர் பள்ளி. அரசு மழலையர் பள்ளியில் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் காசு.

நீதோவில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நாடு முழுக்கப் பார்த்தால் 3 வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளுக்குச் சுமார் 30 இடங்கள்தான் உள்ளன. தெற்கே போகப்போக இன்னும் கம்மி. நகராட்சி நீதோவில் மதிப்பெண் வைத்துப் பட்டியல் போடுவார்கள். அந்த நகராட்சியில் வசிப்பிடப் பதிவு இருந்தால் முன்னுரிமை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் கூடுதல் மதிப்பெண். இங்குதான் வெளிநாட்டுக் குடும்பம் மாட்டிக்கொள்கிறது. கணவருக்கு வேலை, மனைவி வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் மதிப்பெண் குறைகிறது. குழந்தையை விட இடம் இல்லாததால் அவர் வேலை தேடவும் முடிவதில்லை. வேலை இல்லாததால் இடமும் கிடைப்பதில்லை. ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள் பலர் இரண்டு மூன்று வருஷம் வீட்டிலேயே முடங்கிப்போவதற்குப் பின்னால் இந்த மதிப்பெண் கணக்கும் இருக்கிறது.

தனியார் நீதோவில் சேர்த்தால் மாதம் பல நூறு யூரோ ஆகும். ஆனால் அங்கீகாரம் பெற்ற தனியார் நீதோவுக்கும் 'போனுஸ் நீதோ' எனும் அரசு உதவி கிடைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகு ரசீதைத் தேசிய சமூகக் காப்பீட்டு நிறுவனமான 'இன்ப்ஸ்' தளத்தில் ஏற்றினால் திரும்பக் கிடைக்கும். இது தவிர, 2022 மார்ச் முதல் குழந்தைகளுக்கு மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. இரண்டிலும் எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்வது 'இசே' எனும் குடும்ப வருமான-சொத்து மதிப்பீடு. 'காஃப்' எனும் சேவை மையங்களில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைக் கேட்பார்கள். ஊரில் இருக்கும் வீடும் அதில் கணக்கு. ஒவ்வொரு டிசம்பர் 31-லும் இது காலாவதியாகும். ஜனவரியில் புதுப்பிக்க மறந்தால் உதவித்தொகை குறைந்துவிடும்.

விண்ணப்ப நாட்களும் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகக் குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தத்துக்குள் விண்ணப்பம், செப்டம்பரில் சேர்க்கை. ஜூலையில் வந்திறங்கும் குடும்பத்துக்கு அந்த வருடத்துப் பட்டியல் போயே போச்சு, காத்திருப்புப் பட்டியல்தான்.

முதல் இரண்டு வாரம் பெற்றோரும் ஸ்கூல் போகணுமா?

ஆமாம். நம்ம ஊரில் வாசலில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அழுகைச் சத்தம் கேட்காத தூரத்துக்கு ஓடிவிடுவோம். இத்தாலியில் அப்படி விடமாட்டார்கள். 'இன்செரிமெந்தோ' என்று ஒரு பழகும் காலம் உண்டு. முதல் நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு ஒரு மணி நேரம் உள்ளே உட்கார வேண்டும். பிறகு பத்து நிமிடம் வெளியே போய் வரச் சொல்வார்கள். அடுத்து அரை மணி, அப்புறம் சாப்பாடு வரை, கடைசியில்தான் மதியத் தூக்கம். பல இடங்களில் இதற்கு இரண்டு வாரம் ஆகிறது. செப்டம்பரில் புது வேலையில் சேரும் பெற்றோருக்கு இது இடிதான், ஆனால் குழந்தைக்கு நல்லது. ஒரு வார்த்தை இத்தாலியம் தெரியாத குழந்தைக்கு இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து ஒரு பொம்மையோ துணியோ கொண்டுவரச் சொல்வார்கள். அம்மாவின் பழைய துப்பட்டாவைக் கொடுத்துவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வழுக்காத சாக்ஸ், மாற்றுத்துணி, எல்லாவற்றிலும் பெயர்.

சின்னக் குழந்தையை இவ்வளவு மதிக்கும் இந்தப் பழக்கத்துக்கு அந்த மண்ணில் வேர் உண்டு. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். அதே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டுப் பிரஜையாகி, போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் அவர் தங்கியிருக்கிறார். நம்ம ஊர்த் தெருமுனை மாண்டிசோரிப் பள்ளிகளுக்கு மூலம் அந்த வகுப்புகள்தான்.

சாப்பாடு எப்படி? நம்ம குழந்தை என்ன சாப்பிடும்?

நீதோவில் மதியச் சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும். முதலில் பாஸ்தா அல்லது சாதம், பிறகு இறைச்சி, மீன் அல்லது பருப்பு வகை, கூடவே காய், கடைசியில் பழம். சைவமா, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாமா என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். மத, வாழ்க்கைமுறைக் காரணங்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து போதும். ஒவ்வாமை என்றால் டாக்டர் சான்று வேண்டும். தீவிர சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தையின் தட்டில் தினமும் தூவப்படும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. 'சைவம்' என்று மட்டும் எழுதினால் அதை நிறுத்த மாட்டார்கள். தனியாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுச் சமையலுக்குப் பஞ்சமில்லை. 'செமொலினோ' என்றால் நம்ம ரவை. கடலை மாவும் தோல் நீக்கிய சிவப்புப் பருப்பும் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். வயிறு சரியில்லை என்றால் அங்கேயும் டாக்டர் சொல்வது வெறும் சாதம்தான், ரசத்துக்குப் பதில் ஆலிவ் எண்ணெய்.

நேரம்தான் இடிக்கும். பல உணவகங்கள் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். இத்தாலியக் குழந்தைகள் நாலரை மணிக்கு 'மெரெந்தா' என்று பழமோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறார்கள், ஒன்பது மணிக்கும் சதுக்கத்தில் ஓடி விளையாடுகிறார்கள். நம்ம வீட்டுக் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிடும். ஒரு மாதத்தில் அதுவும் ஊரோடு ஒத்துப்போய்விடும்.

வீட்டிலும் தெருவிலும் என்ன வித்தியாசம்?

பொதுவான வெப்பமூட்டும் வசதி உள்ள அடுக்குமாடிகளில் ஹீட்டர் நாம் நினைத்தபோது ஓடாது. மிலானில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கிடையாது. பலெர்மோவில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, 8 மணி நேரம். குழந்தைக்குக் கெட்டி உடுப்பும் இரவில் பையுறைப் போர்வையும் தேவைப்படும்.

பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது. நான்காம் மாடிக்குத் தள்ளுவண்டி, காய்கறி, குழந்தை மூன்றையும் தூக்க வேண்டும். மடக்கினால் ஒரு கையில் அடங்கும் வண்டியாக வாங்குவதே மேல். ரோமின் கல் பதித்த தெருக்களுக்குச் சின்னச் சக்கரம் ஆகாது என்பது வேறு கதை.

ஒரு விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நிம்மதி. ஐரோப்பாவில் மற்ற பல நாடுகளில் இல்லாதபடி, 1975-ஆம் ஆண்டின் சுகாதார ஆணை வீட்டுக்கு ஒரு பிடே, அதாவது கழுவும் தொட்டி, இருக்க வேண்டும் என்கிறது. டயபர் மாற்றும் வயதுப் பிள்ளையைக் கழுவ இதைவிட வசதியானது வேறில்லை.

கார் வைத்திருந்தால் 150 சென்டிமீட்டர் உயரம் வரை குழந்தை இருக்கை கட்டாயம். 4 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், இருக்கையில் குழந்தையை மறந்துவிட்டு இறங்கினால் எச்சரிக்கும் கருவியும் வேண்டும். வெயிலில் பூட்டிய கார்களில் குழந்தைகள் இறந்த துயரங்களுக்குப் பிறகு கொண்டுவந்த சட்டம், 2019 நவம்பர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. நண்பர் காரில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போனாலும் இதே விதிதான்.

தெருவில் கிடைக்கும் அறிவுரைகளும் நம்ம ஊரை நினைவுபடுத்தும். மே மாத வெயிலிலும் 'குழந்தைக்கு உள்பனியன் போடலையா? காத்து அடிச்சிடும்' என்பார்கள். ஈரத் தலையோடு வெளியே வரக்கூடாது, வெறும் காலோடு தரையில் நடக்கக்கூடாது. திருநெல்வேலிப் பாட்டி சொல்வதையே இத்தாலியத்தில் கேட்கலாம்.

பாட்டியை எப்போது வரவழைப்பது?

அதிகம் யோசிக்க வேண்டிய முடிவு இதுதான். தாத்தா பாட்டி ஷெங்கன் சுற்றுலா விசாவில் வந்தால் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் இருக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் சொல்லி நீட்டிக்க முடியாது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கி ஐரோப்பிய எல்லைகளில் வருகையும் வெளியேற்றமும் கைரேகை, முகப்படத்தோடு கணினியில் பதிவாகத் தொடங்கியிருப்பதால், நாட்களை மெஷினே எண்ணிவிடும்.

பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியாதா? சட்டத்தில் வழி உண்டு, ரொம்பக் குறுகலானது. மகனையோ மகளையோ சார்ந்து வாழும் பெற்றோருக்குச் சொந்த நாட்டில் வேறு பிள்ளைகள் இருக்கக் கூடாது. அல்லது பெற்றோர் 65 வயதைக் கடந்திருந்து, ஊரில் உள்ள மற்ற பிள்ளைகள் கடுமையான உடல்நலக் காரணத்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் ஒரு தம்பி நல்லபடியாக இருந்தாலே கதவு மூடிவிடும்.

எனவே அந்த 90 நாளை எங்கே செலவழிப்பது என்பதே கேள்வி. பெரும்பாலான குடும்பங்கள் மே, ஜூனில் வரச்சொல்கின்றன. வெயில் இதமாக இருக்கும், ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பழகும் காலம், அரைநாளில் வீடு திரும்பும் வாரங்கள், நீதோ தொடங்கியதும் வரிசையாக வரும் சளி, ஜுரம் எல்லாம் அப்போதுதான். ஆகஸ்டில் பல நீதோக்கள் மூடிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆகஸ்ட் 20 வாக்கில் வந்து நவம்பர் 17 வரை இருப்பது நல்ல கணக்கு. பலமுறை நுழையும் விசா இருந்தால் பிப்ரவரி 16 முதல் மறுபடி 90 நாள் கிடைக்கும். ஜூலையை வேறு வழியில் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வந்தவுடன் செய்ய வேண்டியது: விருந்தினர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று 48 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் அலுவலகத்துக்கோ, அது இல்லாத ஊரில் மேயர் அலுவலகத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'சொந்த அம்மாதானே' என்று விட்டுவிட்டால் அபராதம் உண்டு. விசாவுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 90 நாளைக்கும் ஊரிலிருந்தே எடுத்துவருவது மேல்.

பாட்டியும் இல்லை என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். அதற்கும் முறையான ஒப்பந்தமும் இன்ப்ஸ் பதிவும் வேண்டும். 'பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துப்பாங்க' என்று மாதம் முழுக்கக் கையில் காசு கொடுத்தால், பிறகு சிக்கல் இரு பக்கமும்தான்.

தமிழ் மறந்துவிடுமா?

நீதோவில் சேர்ந்த முதல் சில மாதங்கள் குழந்தை அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம். அது குறையல்ல, புது மொழியைக் கேட்டு உள்வாங்கும் காலம். ஆசிரியர்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வீட்டில் பெற்றோர் தங்கள் அரைகுறை இத்தாலியத்துக்கு மாற வேண்டியதில்லை. இத்தாலியம் நீதோவில் தானாக வரும். தமிழ் வீட்டில் பேசினால்தான் வரும்.

இதில் முன்னோடிகள் சிசிலித் தீவின் பலெர்மோவில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்கள். அங்கு பிறந்த தலைமுறை சிசிலி வழக்கு, இத்தாலியம், யாழ்ப்பாணத் தமிழ் மூன்றையும் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்துக் குடும்பங்களும் குழந்தைகளோடு மோன்தே பெல்லெக்ரினோ மலையேறி, நகரின் காவல் புனிதர் ரொசாலியாவின் குகைக் கோயிலில் விளக்கேற்றி வணங்குவது அந்த ஊருக்குப் பழகிய காட்சி.

அங்கே பிறந்தால் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டப்படி குடியுரிமை பெற்றோரின் ரத்த உறவு வழியேதான் வருகிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறக்கும் குழந்தை, 18 வயது வரை இடைவெளி இல்லாமல் அங்கேயே வசித்திருந்தால், 18 முடிந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். பெரியவர்கள் குடியுரிமை கேட்கத் தேவையான 10 ஆண்டு வசிப்பை 5 ஆகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்த பொது வாக்கெடுப்பு, பாதிப் பேர்கூட வாக்களிக்க வராததால் செல்லாமல் போனது.

அதனால் இந்தியப் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் ரோமில் உள்ள தூதரகத்திலோ மிலானில் உள்ள துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிவு செய்வது. அதற்கு முன் இத்தாலியப் பதிவு: மருத்துவமனையிலேயே என்றால் 3 நாளுக்குள், நகராட்சி என்றால் 10 நாளுக்குள்.

18 வயதில் 'இடைவெளி இல்லாமல் இங்கேயே இருந்தேன்' என்று காட்ட வேண்டி வரும்போது, வீடு மாறியதில் நகராட்சிப் பதிவு சில மாதம் விட்டுப்போயிருந்தால்கூட, பெற்றோரின் அல்லது அலுவலகத்தின் தவறுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது ஆதாரமாக ஏற்கப்படுபவை பள்ளிப் பதிவுகளும் மருத்துவப் பதிவுகளும். ஆகவே தடுப்பூசி அட்டை, குழந்தை மருத்துவரின் குறிப்புகள், நீதோ ரசீதுகள் எதையும் வீடு மாற்றும்போது தூக்கிப்போட வேண்டாம். குழந்தையின் பெயர் எழுதிய ஒரு ஃபைலில் தேதி வாரியாகப் போட்டு வைக்கலாம்.